பெரியவர் வட்டத்தில் ஒரே ஓர் இடம்

வாழிய மிலூத்! பதின்மூன்று கோடை கண்ட பெருவீரன், கடற்பாறையினின்று தலைகீழாய்ப் பாயும் அஞ்சா நெஞ்சன், மேலுதட்டில் ஏழு மயிர் முளைத்த மீசைவேந்தன் வாழிய! ஏழென்பது அவன் கணக்கு. உயிர்த்தோழன் ஃபர்ஹாத் கிட்டே நின்று எண்ணி ஐந்து என்றான். சுவாரா என்னும் அக்கடற்கரை ஊரில் எவன் சொல்லும் கணக்கிலும் இரண்டைக் கழித்துக்கொள்வதுதான் நல்லது.

கல்யாண வீட்டில் சிறுவருக்கு ஒரு தாலம், மீசைக்காரர் வட்டமாய்ச் சூழ்ந்துண்ண வேறு தாலம் என்பது அவ்வூர்ச் சட்டம். ஆகவே கோடை பிறந்த அன்றே, அலையும் உப்புக்காற்றும் சாட்சியாக, இருவரும் பாறைமேல் நின்று சூளுரைத்தனர்: "பெரியவங்க வட்டத்துக்கு ரெண்டு பேரும் ஒரே நாள்லதான் போறோம். தனியாப் போறவன் நண்பனே இல்ல."

கோடையின் கடைசிக் கல்யாணமும் வந்தது. பந்தலின்கீழ் ஆறு வட்டங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் பஸீன் என்னும் பார்லிக் களி பெருமலையென நிமிர, செங்குழம்புக் கடல் சூழ, ஆட்டுக்கறித் தீவுகள் ஆவி பறக்க மிதக்க, ஐந்தாம் வட்டத்தில், அந்தோ, ஓர் ஆள் அமரும் இடைவெளி!

"யாராவது ஒரு ஆம்பள வாங்கடா, இங்க எடம் காலியாக் கெடக்கு!" என்று முழங்கினார் மணமகனின் சித்தப்பா ஷாபான்.

மதங்கொண்ட இளங்களிறு இரண்டு ஒரே கோட்டைவாயிலை முட்டினாற்போல, பாய்கள் சுருள, செருப்புகள் சிதற, விலாவொடு முழங்கை மோதப் பாய்ந்தனர் இருவரும். இலக்குக்கு மூன்று சாண் தொலைவில் நம் வீரன், சொல்லவே வெட்கம், காலை நீட்டி நண்பனை இடறிவிட்டான். ஃபர்ஹாத் தக்காளிக் கூடையில் வீழ்ந்தான். மிலூத் அரியணை ஏறினான்.

"இருந்துக்கடா, பெரிய மனுசா," என்றான் வீழ்ந்தவன். "நாளைக்குக் கடலுக்குக் கூப்பிட வராத."

அச்சொல் வேலெனத் தைத்தது. கறித்தீவு கண்ணெதிரே மிதந்தும் வென்றவன் தக்காளிக் கூடையையே திரும்பிப் பார்த்தான். அப்போது ஷாபான் மீண்டும் முழங்கினார்: "இருக்குற ஆம்பளைங்கள்ல சின்னவன் யாரு? நீயா? எந்திரி, எல்லாருக்கும் கைகழுவத் தண்ணி ஊத்து."

வட்டம் புகுந்த இளையவனே கெண்டி தூக்கவேண்டும் என்பதை மீசை மயக்கத்தில் அவன் மறந்தே போயிருந்தான்.

வலக்கையில் கெண்டி, இடக்கையில் கழுவிய நீர் ஏந்தும் பேசின், தோளில் துண்டு, எதிரே நாற்பது பேர். கைகழுவிய வட்டமெல்லாம் களிமலையைத் தகர்க்கத் தொடங்க, மூன்றாம் வட்டத்தில் நம் வீரனின் புயவலி ஒடுங்கி, நீர்ப்பெருக்கு ஒரு கிழவரின் மடியில் பாய்ந்தது.

"கை கழுவச் சொன்னா என்னயக் குளிப்பாட்டுறியாடா!"

சட்டென்று பேசினின் பாரம் நீங்கியது. காதோரம் தக்காளிச்சாறு வழிய, ஃபர்ஹாத் அதைத் தாங்கி நின்றான்.

"பேசாத. ஊத்து."

அந்த வட்டத்தார் கையெல்லாம் கழுவி முடிந்தது. பிறகு மீசைவேந்தன், முடியைக் கழற்றி வைப்பவன்போல், தலைகுனிந்து மொழிந்தான்: "அஞ்சுதான்டா."

"தெரியும். ஊத்து."

நாற்பதாவது கையும் துடைக்கப்பட்டபின் இருவரும் ஐந்தாம் வட்டத்துக்கு மீண்டபோது, மலை தரைமட்டம், கடல் வறட்சி, தீவுகள் எலும்பு.

ஓர் உருளைக்கிழங்கு மிச்சம் இருந்தது; பெரிய பாதியை ஃபர்ஹாத் எடுத்துக்கொண்டான்.