எங்க வீட்டுலயும் ரெண்டு கெடந்துச்சு

மியூசியத்துக்கு வருகிறவர்களில் ஒரு ரகம் உண்டு, வாசகரே. பார்ப்பதற்கு அல்ல, பார்த்ததையெல்லாம் தன் வீட்டோடு சேர்த்துக்கொள்வதற்கே வருகிற ரகம். எதைக் காட்டினாலும், "இதென்ன, எங்க வீட்டுலயே ரெண்டு கெடந்துச்சு" என்பார்கள். ஒன்று என்று சொல்ல வாய் வராது.

மதுரையில் வெள்ளைக்காரத் துரைமார் தங்கிய பழைய ஓட்டல் ஒன்று இப்போது அலங்காரப் பொருள் மியூசியம். பெல்ஜியம் கண்ணாடி, சீன ஜாடி, செட்டிநாட்டுக் கதவு, இத்தாலிப் பொம்மை என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் அறை அறையாக அடைத்து வைத்திருக்கிறார்கள். கதவுகளில் ஓட்டல் அறை எண்கள்கூட அப்படியே இருக்கின்றன. நம் ரகத்துக்கு இதைவிடச் சொர்க்கம் ஏது?

மகள் ஜெனிஷாவைப் பெண் பார்க்க வருகிறவர்களை, இந்த ரகத்தில் ஒருவரான இன்னாசிமுத்து இங்கேதான் வரச் சொன்னார். பொது இடத்தில் சந்திப்பதுதானே இப்போது வழக்கம்? ஆனால் உள்ளே ஒரு பயமும் இருந்தது. கப்பலூரில் அவர்கள் குடியிருக்கும் ஒற்றை அறை வீட்டைப் பார்த்தால் இந்தச் சம்பந்தம் அமையுமா? அதனால் ஜெனிஷா பின்னால் வர, மாப்பிள்ளையின் அம்மா ஆனிமேரியைக் கூட்டிக்கொண்டு அறை அறையாக நடந்தார். சர விளக்கா? ரெண்டு. தந்தப் பெட்டியா? ரெண்டு. ஆளுயரக் கண்ணாடி முன்னால் நின்று மீசையைத் தடவினார்.

"இதுலயும் ரெண்டு, தங்கச்சி. எங்க தாத்தா காலத்துல."

ஆனிமேரி நின்றார். "இப்ப எங்கண்ணே இருக்கு?"

இப்படி ஒரு கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

"அது... வித்துட்டோம்."

"வெளக்கு?"

"அதுவுந்தான்."

"அம்புட்டையும் வித்துத் தின்ன குடும்பமாண்ணே? குடியா, சீட்டாட்டமா? மறைக்காமச் சொல்லிருங்க. எம் பிள்ளைக்குப் பொண்ணு எடுக்கணும்ல."

இன்னாசிமுத்து வசமாக மாட்டிக்கொண்டார். பொய்யென்று ஒப்புக்கொண்டால் மானம் போகும். ஒப்புக்கொள்ளாவிட்டால் மகள் கல்யாணம் போகும். அப்போதும் அந்த வாய் என்ன சொல்லப் பார்த்தது தெரியுமா? மீதியெல்லாம் திருட்டுப் போய்விட்டது என்று! நல்லவேளை, ஜெனிஷா முந்திக்கொண்டாள்.

"அத்தை, எங்க வீட்டுல ஒரே கண்ணாடிதான். பாத்ரூம்ல தொங்குது. அதுவும் மூலை ஒடஞ்சது."

ஆனிமேரி வாய்விட்டுச் சிரித்தார். "அப்பாடா! விக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லாத வீடா? அப்ப ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு உங்க வீட்டுக்கே வாரோம்ணே."

சம்பந்தம் பிழைத்தது. தாத்தாவின் சொத்துதான் ஒரே நிமிடத்தில் அழிந்துபோனது.

சிரிக்கிறீர்களா? நல்லது. ஆனால் இதைப் படிக்கும்போதே, உங்கள் பரணில் ஒரு காலத்தில் கிடந்ததாகச் சொல்லப்படும் ஏதோ ஒன்று மனதுக்குள் எட்டிப் பார்த்திருக்குமே? தாராளமாகச் சொல்லுங்கள், கேட்கிறோம். பக்கத்தில் சம்பந்தி யாரும் இல்லையே?