எட்டும் எட்டும் ரெண்டும்

கூட்டலில் நான் கெட்டிக்காரன். என் மானம் போனதற்கும் அதுதான் காரணம்.

தங்கை தேவியைப் பெண் பார்க்க மெல்பர்னிலிருந்து மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் வருவதாகத் தகவல் வந்தது. மலேசியாவில், கோல சிலாங்கூரில் எங்கள் வீடு தலைகால் புரியாமல் ஆடியது. இரண்டு வரன் ஏற்கெனவே தட்டிப்போயிருந்ததால் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டேய், ஏர்போர்ட் வேலை ஒன்னோடது. இதையாச்சும் உருப்படியா செய்."

ரவாங் தொழிற்சாலையில் ஷிப்ட் நேரம் பிரித்துக் கொடுக்கும் எனக்கு இதெல்லாம் ஒரு வேலையா? காலை எட்டுக்கு விமானம் ஏறுகிறார்கள். எட்டு மணி நேரப் பயணம். ஆக, மாலை நான்கு. ஆஸ்திரேலியா நமக்கு இரண்டு மணி நேரம் முன்னால். அதையும் கூட்டினேன். ஆறு! (கழிக்க வேண்டும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. சொல்ல நான் விட்டால்தானே!)

இரண்டரை மணிக்கு மாப்பிள்ளையிடமிருந்து போன். கல்யாணப் பேச்சு முடியும்வரை என் எண் மட்டும்தான் அவரிடம் இருக்கலாம் என்பது அப்பாவின் சட்டம்.

"ஹலோ, நாங்க வந்து..."

"ஐயோ மாப்பிள்ளை! ப்ளேன்ல போன் பேசக்கூடாது லா! பைலட்டுக்குத் தொந்தரவு!"

துண்டித்தேன். மறுபடி கூப்பிட்டு ஆபத்தில் மாட்டிக்கொள்வாரோ என்று என் போனையும் அணைத்து வைத்தேன். அவ்வளவு பொறுப்பு!

மூன்றரைக்கு வேனில் கிளம்பினோம். பதினான்கு பேர், ஆளுயர மாலை, உருமி மேளம். (பெண் பார்க்க வருகிறவருக்கு மேளமா என்று கேட்காதீர்கள். என் யோசனைதான்.) குஷி தாங்காமல் வேனுக்குள்ளேயே வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். நானும் வழி முழுக்க விசிலடித்தேன்.

விமான நிலையத்தில் இறங்கியதும் அப்பா போனைப் பார்த்தார். பதினொரு மிஸ்டு கால். எல்லாம் தேவி. மேளச் சத்தத்தில் ஒருவர் காதிலும் விழவில்லை. திரும்பக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, எல்லாரும் எங்க போனீங்க?"

"மாப்பிள்ளைய கூப்பிடத்தாம்மா!"

"அவரு இங்க மீ கோரெங் சாப்பிட்டுக்கிட்டு இருக்காருப்பா!"

மாலை என் கையிலிருந்து நழுவியது. "தங்கச்சி வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியேடா!" என்றார் அப்பா. அந்தக் குரல் நடுங்கியதுதான் எனக்குத் தாங்கவில்லை. திரும்பி வரும்போது உருமிக்காரர் ஒரு தட்டுக்கூடத் தட்டவில்லை.

டாக்சி பிடித்து வந்தவர்களுக்கு, முகம் முழுக்கக் கடலை மாவும் பழைய நைட்டியுமாகத் தேவிதான் கதவைத் திறந்திருக்கிறாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளையின் அம்மா எங்கள் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன்.

"அட நீங்க வேற!" என்றார் அந்த அம்மா. "எல்லாரும் வீட்டுல இருந்திருந்தா, இந்தப் பொண்ணு பட்டுச்சேலையில தலைய குனிஞ்சிக்கிட்டு காப்பி குடுத்துட்டு உள்ள போயிருக்கும். நாங்களும் யோசிச்சுச் சொல்றோம்னு கெளம்பிருப்போம். ரெண்டு மணி நேரமா வாய் ஓயாம பேசுனோம். எனக்கு இந்தப் பொண்ணுதான் வேணும்!"

தேவி சிரித்தாள். காதோரம் இன்னும் கடலை மாவு. உருமி அப்போதுதான் மறுபடி முழங்கியது.

தேவியின் புகுந்த வீட்டைப் பார்க்கப் போன மாதம் முதன்முறையாக மெல்பர்ன் போனேன். இறங்கியவுடன் ஆசையாகத் தேவிக்குப் போன் போட்டேன்.

"வந்துட்டேன்மா!"

"ஐயோ அண்ணே! ப்ளேன்ல போன் பேசக்கூடாது லா!"

வைத்துவிட்டாள்.