குழாய் நீரில் மாறுபட்ட மணம் இருப்பதாக ஓர் உணர்வு

உலகத்தில் இதுவரை நடந்த யுத்தங்களில் பாதி, தக்க சமயத்தில் ஒரு நல்ல நெறியாளர் கிடைக்காததால் நடந்தவை. சரித்திர ஆசிரியர்கள் கோட்டைவிட்ட இந்த உண்மையை, நூற்றிருபது வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககத்தின் இணையக் குழுவை நெறிப்படுத்தி வந்த போஸ்ட்மாஸ்டர் தன்னந்தனியாகக் கண்டுபிடித்திருந்தார்.

முப்பத்து நான்கு வருடம் பிறருடைய கடிதங்களைப் பிரித்துப் படிக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகு, பிரித்துப் படித்துவிட்டுக் கொண்டுபோய்ச் சேர்க்காமல் இருக்கும் அரிய பொறுப்பு அவரைத் தேடி வந்தது.

வந்த கதை பெரிய கதை. அவருக்கு முன்னால் நெறியாளராக இருந்தவர் ஓர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். மூன்றாவது மாடி நடையில் யாரோ செருப்பு ஸ்டாண்டை நான்கு அங்குலம் தள்ளி வைத்துவிட்டார்கள் என்று ஆரம்பித்த விவாதம் நானூற்றுப் பதினேழு பதிவுகளைத் தொட்டது. பரம்பரை, படிப்பு, பல்லின் நிறம் எல்லாம் சந்திக்கு வந்தன. இரண்டு குடும்பங்கள் லிஃப்டில் ஒன்றாக ஏறுவதை நிறுத்தின. ஏஜெண்ட் வீட்டையே மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

போஸ்ட்மாஸ்டர் பதவியேற்ற அன்றே ஆச்சரியக்குறியைத் தடைசெய்தார். "கலவரம் எல்லாம் அந்தக் குச்சியும் புள்ளியும் பண்ற வேலை" என்பது அவருடைய சித்தாந்தம். தொடர்ந்து முப்பத்தொரு விதிகள் வந்தன. ஒவ்வொரு பதிவும் 'வெதுவெதுப்பு', 'சூடு', 'கொதிப்பு' என்று தரம் பிரிக்கப்பட்டது. கொதித்த பதிவு நீக்கப்படும்; கொதித்தவர் இருபத்து நான்கு மணி நேரம் 'ஆறப் போடப்படுவார்', அதாவது குழுவில் வாய் திறக்க முடியாது. துணை நெறியாளராக இரண்டாவது மாடிப் பல் டாக்டரைச் சேர்த்துக்கொண்டார். வலிக்காமல் பிடுங்குவதில் அனுபவம் உள்ளவர் என்பதே தகுதி.

மூன்றே மாதத்தில் குழுவில் பூப்படமும் காலை வணக்கமும் தவிர வேறொன்றும் இல்லை. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் நெகிழ்ந்துபோய்ப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார். தண்ணீர், லிஃப்ட், குப்பை மூன்றுக்கும் பொறுப்பாளி அவர்தான். அமைதியை அவரைவிட ஆழமாக நேசித்த மனிதர் அங்கே இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழு பத்துக்கு, நாலாவது மாடியில் குடியிருக்கும் நர்ஸ் ஒரு பதிவு போட்டாள். "தொட்டித் தண்ணி நாறுது! யாரும் குடிக்காதீங்க! குழந்தைங்களுக்குக் குடுத்துடாதீங்க!"

ஒரே பதிவில் மூன்று ஆச்சரியக்குறிகள். போஸ்ட்மாஸ்டர் நாற்பது வினாடியில் அதை நீக்கினார். நர்ஸ் ஆறப் போடப்பட்டாள்.

ஆனால் அவள் ஆறவில்லை. டூட்டி முடிந்து வந்த சீருடையோடு நேரே அவர் வீட்டு மணியை அடித்தாள்.

"சார், நான் போட்ட மெசேஜைக் காணோம்."

"காணாமப் போகலம்மா. நீக்கப்பட்டிருக்கு."

அவர் அவளை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். 'நாறுது' என்ற சொல், தொட்டியைப் பராமரிக்கும் செயலாளரின் மனத்தை நோகடிக்கும். அதற்குப் பதிலாக, 'குழாய் நீரில் மாறுபட்ட மணம் இருப்பதாக ஓர் உணர்வு. தோழமையுடன் பரிசீலிக்கலாமா' என்று எழுதலாம். அதையாவது உடனே போடுங்கள் என்றாள் அவள். அவள் ஆறும் காலம் நாளைக் காலை ஏழு பத்துக்குத்தான் முடிகிறது என்பதையும், புதிய வாசகத்துக்குப் பல் டாக்டரின் ஒப்புதல் தேவை என்பதையும் அவர் எடுத்துச் சொன்னார்.

"சார், ஒண்ணும் வேண்டாம். உங்க வீட்டுக் குழாயைத் திறந்து ஒரு தடவை மோந்து பாருங்க, போதும்."

"நான் நெறியாளர்மா. மோந்து பாத்தா ஒரு பக்கம் சாஞ்சதாயிடும்."

நர்ஸ் எழுந்துபோய்த் தன் மாடியில் இருந்த எட்டு வீட்டுக் கதவையும் தட்டிச் சொன்னாள். அதற்குமேல் அவள் காலில் வலு இல்லை.

பகலில் அடுத்த சோதனை வந்தது. முதல் மாடித் தையல்காரர் எழுதியிருந்தார்: "எங்க வீட்ல மூணு பேருக்கும் வயித்துப்போக்கு. வேற யாருக்காவது இருக்கா."

பல் டாக்டர் தொலைபேசியில் கூப்பிட்டு, இதில் ஆச்சரியக்குறியும் இல்லை, கடுஞ்சொல்லும் இல்லை, கேள்விக்குறிகூட இல்லையே என்று தயங்கினார். போஸ்ட்மாஸ்டர் இரண்டு நிமிடம் கண்ணை மூடி யோசித்தார். 'வேற யாருக்காவது' என்பதில் ஆள் திரட்டும் தொனி இருந்தது. பதிவு போயிற்று. தையல்காரருக்கு மட்டும் தனியாக ஒரு பதில் சென்றது: "தங்கள் கருத்துக்கு நன்றி. இது தங்கள் இல்லத்தின் தனிப்பட்ட உடல்நலப் பிரச்சினையாகத் தெரிகிறது."

அந்தப் பதில் அவருக்கே மிகவும் பிடித்துப் போனது. அன்று மாலைக்குள் அதே பதிலை இன்னும் பதினைந்து பேருக்கு அனுப்பினார். யாரோ ஒருவர் வார்த்தையே இல்லாமல், கண்ணாடி டம்ளரில் பழுப்பு நிறத் தண்ணீரைப் படம் பிடித்துப் போட்டிருந்தார். ஒரு படம் கொதிக்க முடியுமா என்று நெறியாளர்கள் இருவரும் முக்கால் மணி நேரம் ஆராய்ந்தார்கள். நிறமே ஒரு விமர்சனம்தான் என்று முடிவாகி, படமும் போயிற்று. நடுவில் செயலாளர் கூப்பிட்டு, தொட்டி கழுவுவதை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாமா, புகார் ஏதும் உண்டா என்று கேட்டார். குழு அமைதியாக இருக்கிறது என்று போஸ்ட்மாஸ்டர் சொன்னார். அது கலப்படமில்லாத உண்மை.

புதன்கிழமை மத்தியானம் அவர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, படங்களின் வெப்பநிலை பற்றிய முப்பத்திரண்டாவது விதியை எழுதிக்கொண்டிருந்தார். மனைவி இரண்டு முறை கூப்பிட்டாள். "இதோ" என்று இரண்டு முறை சொன்னார். பிறகு குழுவில் ஒரு பதிவு வந்தது: "போஸ்ட்மாஸ்டர் சார், கொஞ்சம் வெளிய வாங்க. என்னால எழுந்திருக்க முடியல."

சொந்த விவகாரம். விரல் பழக்கத்தில் நீக்கிவிட்டது. நீக்கிய பிறகுதான் அதை எழுதியது யார் என்று பார்த்தார்.

ஓடினார். மனைவி கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவில், தரையில் சுவரோடு சாய்ந்து கிடந்தாள். காலையிலிருந்து ஒன்பது தடவை வாந்தி என்றாள், ஏதோ அவருக்குத் தொந்தரவு கொடுத்துவிட்டவள் மாதிரி. அவளுடைய முகத்தைத் துடைக்கக் குழாயைத் திறந்தார்.

நாறியது.

அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் உட்கார இடமில்லை. தையல்காரர், செருப்பு ஸ்டாண்டுக்காரர்கள், பல் டாக்டரின் மாமியார் என்று பாதி அடுக்ககம் அங்கே இருந்தது. "உங்க வீட்லயுமா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். கேட்கக் கேட்கக் குரல் ஏறியது. மூன்று மாதத்துக்குப் பிறகு அந்த அடுக்ககத்தார் சத்தமாகப் பேசிக்கொண்டார்கள்; நீக்க ஆளில்லை.

அன்று டூட்டியில் இருந்தது அதே நர்ஸ். போஸ்ட்மாஸ்டரின் மனைவிக்கு நரம்பு தேடி ஊசி ஏற்றினாள், பாட்டிலை மாட்டினாள், "பயப்படாதீங்கம்மா" என்றாள். அவரைப் பார்த்து ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். கட்டில் காலைப் பிடித்தபடி, சொல்லட்டும் சொல்லட்டும் என்று நின்றுகொண்டிருந்தார். அவள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். அந்தக் கட்டிலில் தையல்காரரின் நாலு வயதுப் பெண் கிடந்தது. அது கண் திறந்து தண்ணீர் கேட்க ஐந்து நாள் ஆயிற்று. நல்லவேளை, கேட்டது.

வெள்ளிக்கிழமை சுகாதாரத் துறையிலிருந்து ஓர் அதிகாரி விசாரணைக்கு வந்தார். தணிந்த குரலில் பேசும் நடுவயது அம்மாள். கழிவுநீர்க் குழாய் உடைந்து தொட்டியில் கசிந்திருப்பது தெரிந்துவிட்டது. யாருக்கு முதலில் தெரிந்தது, எப்போது தெரிந்தது என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

குழுவில் ஒரு வார்த்தைகூட வரவில்லை என்று செயலாளர் சத்தியம் செய்தார். நீக்கியது ஏதும் உண்டா என்று அதிகாரி கேட்டார். போஸ்ட்மாஸ்டர் தன் கைபேசியை நீட்டினார். நீக்கிய பதிவுகள் நெறியாளருக்கு மட்டும் தெரியும்படி அதில் வரிசையாக இருந்தன. மணி, நிமிடம், வீட்டு எண், நீக்கிய காரணம் எதுவும் விடுபடவில்லை.

அதிகாரி ஒவ்வொன்றாகப் படித்துத் தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். கடைசி வரியில் கொஞ்ச நேரம் நின்றார். அது இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கும் மனைவியின் பதிவு.

"ரொம்ப ஒழுங்கா வச்சிருக்கீங்க" என்றார். "எத்தனையோ இடத்துக்குப் போயிருக்கேன். யார் எப்ப சொன்னாங்கன்னு இவ்வளவு சுத்தமா எங்கேயும் கிடைச்சதில்ல."

"நன்றிங்க" என்றார் போஸ்ட்மாஸ்டர், பழக்க தோஷத்தில்.

"பத்தொன்பது வீடு. ஒவ்வொருத்தரும் தன் வீட்ல மட்டும்தான் இப்படின்னு நினைச்சுட்டு இருந்திருக்காங்க. பத்தொன்பதும் தெரிஞ்ச ஆள் இங்க ஒரே ஒருத்தர்தான்."

அதிகாரி தாளைத் திருப்பி, புதிய பக்கத்தில் பேனாவை வைத்தார்.

"உங்க முழுப் பேரைச் சொல்லுங்க சார். எழுதிக்கறேன்."