நானூற்று முப்பத்தேழு வைரஸ்

இனிமேல் தன்னைக் கேட்காமல் வீட்டில் யாரும் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது என்று வீடுகளுக்குப் பூச்சி மருந்து அடிக்கும் பூச்சிக்காரர் போன மாதம் ஒரு சட்டம் போட்டார். வீட்டில் இருந்தது மொத்தம் இரண்டு பேர். அதில் ஒருவர் அவர். ஆகவே சட்டம் யாருக்கு என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அவர் நிலைமையையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். டிவி ரிமோட் கைவிட்டுப் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. பீரோ சாவி எங்கே என்று கேட்டால், "எதுக்கு?" என்று பதில் வரும். ஃபேன் எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதுகூட மேலிடத்து முடிவு. பாவம், மனுஷன் ராஜாவாக உட்கார்ந்திருந்தது அந்தக் கம்ப்யூட்டர் மேஜை ஒன்றில்தான். அதுவும் போனால் இந்த வீட்டில் அவருக்கு என்று மிஞ்சுவது பல் தேய்க்கும் பிரஷ்தான்.

மனைவி தையல் தொழில். தெருவில் டெய்லரம்மா என்றால்தான் தெரியும். வெட்டு சுத்தம், பேச்சு அதைவிடச் சுத்தம். அந்த வாரம் ஒரு ஆஸ்பத்திரியின் நாற்பது நர்ஸுகளுக்குச் சீருடை தைக்க வேண்டியிருந்தது. நாற்பது பேர் அளவும் கம்ப்யூட்டரில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை துணியை வெட்டினால்தான் வியாழக்கிழமை கொடுக்க முடியும். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, ஒவ்வொரு நர்ஸின் அளவை ஏற்றும்போதும் அவள், "தொடலாமாங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் தொட்டாள். நாற்பது தடவை கேட்டாள். அந்த மரியாதையிலேயே பூச்சிக்காரர் இரண்டு கிலோ ஏறினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் துணி வாங்கப் போனாள். இவர் கம்ப்யூட்டர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். முப்பதே நாளில் வழுக்கையில் முடி முளைக்கும் என்று ஒரு பக்கம். பதினேழாம் நாள் வரை படித்திருப்பார். பட்டென்று திரையில் சிவப்பாக ஒரு கட்டம் திறந்தது. 'எச்சரிக்கை. உங்கள் கம்ப்யூட்டருக்குள் வைரஸ் பரவுகிறது. இலவச சோதனை நடக்கிறது.' கீழே எண்ணிக்கை ஓடியது. பன்னிரண்டு. ஐம்பத்தெட்டு. இருநூற்றுப் பத்து.

வேறு யாராக இருந்தாலும் மூடியிருப்பார்கள். இவர் மூடவில்லை. காரணம் தொழில். பூச்சி ஒழிப்புக் கம்பெனியில் இவர் வேலையும் இலவச சோதனைதான். ஒரு வீட்டுக்குள் போனதும் டார்ச் அடிப்பார். கதவு நிலையைத் தட்டுவார். காதை வைத்துக் கேட்பார். "ப்ச்" என்பார். அவ்வளவுதான், வீட்டுக்காரருக்கு வியர்த்துவிடும். "மேலுக்குத் தெரியாது சார், உள்ள முழுக்கப் பரவிடுச்சு" என்று காதோரமாகச் சொல்வார். இருபது வருஷமாகச் சொல்லிச் சொல்லி, அவரே அதை நம்ப ஆரம்பித்திருந்தார். இப்போது அதே அக்கறை, அதே வார்த்தை, திரையில்.

'தொழில் தெரிஞ்சவன் வேலை' என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டார். 'உடனே ஒழி' என்ற பொத்தானை அழுத்தினார்.

அந்த நிமிஷமே கம்ப்யூட்டர் அவர் கையை விட்டுப் போனது. எதைத் திறந்தாலும் சிவப்புக் கட்டம் வந்து குறுக்கே நின்றது. 'இதிலும் வைரஸ். முழுப் பாதுகாப்புக்குப் பணம் கட்டவும்.' கடிகாரத்தைத் திறந்தார், அதிலும் வைரஸ். நர்ஸுகளின் அளவைத் திறந்தார், நாற்பது பேருக்கும் தொற்று. எண்ணிக்கை நானூற்று முப்பத்தேழு. மருந்து என்று நம்பி உள்ளே விட்டதுதான் பூச்சியே என்று அவருக்கு உறைத்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"எப்படி இருக்கு?"

"நம்ம வீட்டுக்கே கரையான் வந்த மாதிரி."

"கரையான் இல்ல. வைரஸ்."

டெய்லரம்மா துணி மூட்டையை இறக்கிவிட்டு வந்து திரையைப் பார்த்தாள். "எப்படி வந்துச்சு?"

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் விஷயம் ஒரு காபியோடு முடிந்திருக்கும். மேஜை கண்முன்னால் நின்றது. விட மனசில்லை.

"நேத்து நீ அளவு ஏத்தினியே, அப்ப எதையோ அமுக்கியிருக்க."

"நானா?"

"பின்ன யாரு? தெரியாத கை பட்டா இப்படித்தான் ஆகும். இதுக்குத்தான் சட்டமே போட்டேன்."

"கேட்டுட்டுத்தானே தொட்டேன்."

"கேட்ட. சரியாத் தொட்டியா?"

அவள் கோபப்படவில்லை. அதுதான் ஆபத்து என்று இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவர் கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை.

"இது போலிங்க," என்றாள் அவள் நிதானமாக. "பயமுறுத்திப் பணம் பிடுங்கற வேலை. நீங்க வீடு வீடா டார்ச் அடிக்கறீங்களே, அதேதான்."

"என் தொழிலை ஏன் இதுல இழுக்கற?"

"இழுக்கல. பார்த்தா உங்க சொந்தக்காரங்க மாதிரி இருக்கு, அதான் சொன்னேன்."

"இது உனக்குப் புரியாத விஷயம். எங்க கம்பெனி ஸ்டோர்காரர்கிட்ட ஒரு பென்டிரைவ் இருக்கு, சொருகினா எல்லாம் ஓடிடும். போய் வாங்கிட்டு வரேன். அதுவரைக்கும் இந்த ரூமுக்குள்ள யாரும் போகக்கூடாது."

"மருந்து அடிச்ச ரூம் மாதிரியா?"

"அதே மாதிரி."

"சரிங்க. மெதுவா போயிட்டு வாங்க."

ஸ்டோர்காரர் வீடு ஊரின் மறுகோடியில் இருந்தது. போக ஒரு மணி, வர ஒரு மணி. நடுவில் தன் மனைவி எதையோ அமுக்கிவிட்ட கதையை விலாவாரியாகச் சொல்ல அரை மணி. கேட்டுக்கொண்டிருந்த ஸ்டோர்காரரும், "பொம்பளைங்க கையில கொடுக்கவே கூடாது சார்" என்று ஆறுதல் சொன்னார். அதைச் சொல்லும் முன் ஒருதரம் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

பென்டிரைவோடு திரும்பினால், திரையில் சிவப்புக் கட்டம் அப்படியே இருந்தது. ஆனால் எண்ணிக்கை ஏறவில்லை. நானூற்று முப்பத்தேழிலேயே நின்றது. ஐந்து நிமிஷம் முறைத்துப் பார்த்தார். அசையவில்லை.

"அடங்கிடுச்சு," என்றார் சத்தமாக. "நான் வந்தது தெரிஞ்சு அடங்கிடுச்சு."

"அப்படியாங்க?" என்று பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தது. கூடவே கத்தரி சரக் சரக்கென்று ஓடும் சத்தம்.

பென்டிரைவை முன்னால் சொருகினார். பின்னால் சொருகினார். திருப்பிச் சொருகினார். ஒன்றும் ஆகவில்லை. கட்டத்தின் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தினார். மூடவில்லை. மெதுவாக அழுத்தினார், வேகமாக அழுத்தினார், எதிர்பாராத நேரத்தில் திடீரென்று அழுத்தினார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். கும்பிட்டார். திரை திரும்ப வந்தது, சிவப்புக் கட்டத்தோடு. பழக்க தோஷத்தில் டார்ச்சை எடுத்துப் பெட்டியின் ஓட்டை வழியாக உள்ளே அடித்துப் பார்த்தார். பெட்டியைத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். "ப்ச்" என்று அவர் வாயிலிருந்தே வந்தது. இந்தத் தடவை வியர்த்ததும் அவருக்கே.

சாப்பிடக் கூப்பிட்டாள். போகவில்லை. சோறு ஆறிப்போகும் என்றாள். ஆறட்டும் என்றார். மூன்று மணிக்கு அவளே கத்தரியோடு கதவருகே வந்து நின்றாள்.

"தம்பியைக் கூப்பிடட்டுமாங்க?"

பூச்சிக்காரர் மவுஸைக் கீழே வைத்தார். மச்சான் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். முன்பு ஒருமுறை பிரிண்டர் கெட்டுவிட்டது என்று இவர் அவனை வரவழைக்க, வந்தவன் பிளக்கைச் சொருகிவிட்டுப் போனான். அதோடு விட்டானா? மூன்று கல்யாண வீட்டில் அதை நடித்துக் காட்டினான். மூன்றாவது வீட்டில் கைதட்டல்கூட வாங்கினான்.

"அவன் வேண்டாம்."

"அப்ப நான் பார்க்கட்டுமா?"

"உனக்கு என்ன தெரியும்?"

"தெரியாதுதான். ஆனா டாக்டரே என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டுட்டுத்தானே மருந்து கொடுக்கறார். நடந்ததைச் சொன்னா பார்க்கறேன்."

பூச்சிக்காரர் சுவரைப் பார்த்தார். சுவர் உதவவில்லை.

"ஒண்ணை அமுக்கினேன்."

"எதை?"

"உடனே ஒழின்னு இருந்துச்சு."

"யாரு அமுக்கினது?"

"நான்தான்."

"நான் அமுக்கல?"

"நீ அமுக்கல."

"எந்தப் பக்கம் பார்த்துட்டிருந்தீங்க?"

"அது எதுக்கு இப்ப?"

"தம்பிக்குப் போன் போடவா?"

"முடி வளர்ற பக்கம்."

டெய்லரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிக்கவில்லை. அவள் நல்ல மனசு அது.

"கார்டு நம்பர் போட்டீங்களா?"

"பாதி."

"மீதி?"

"கண்ணாடியை எங்கயோ வெச்சுட்டேன், தெரியல."

"அந்தக் கண்ணாடிக்கு ஒரு கும்பிடு போடணும்."

பூச்சிக்காரருக்கு இப்போது நிஜமாகவே வெட்கமாக இருந்தது. நாற்பது பேர் அளவு, ஒரு மாசமாக அவள் அலைந்து எடுத்தது. அதைத் தொலைத்துவிட்டுப் பழியையும் அவள் தலையிலேயே போட்டாகிவிட்டது. "உன் வேலை கெட்டுப்போச்சே," என்றார். "என் மேலதான் தப்பு."

அவள் முகம் இளகியது. இளகினாலும் கை இளகவில்லை.

"சரி, எடுத்துடறேன். ஆனா இனிமே பாஸ்வேர்டு என்கிட்ட இருக்கும். மேஜை என் மெஷின் பக்கம் வந்துடும். நீங்க தொடணும்னா என்னைக் கேட்டுட்டுத் தொடணும்."

"முதல்ல இதை எடு. எதை வேணும்னாலும் வெச்சுக்கோ."

"எழுதிக் கொடுங்க."

இடுப்பில் செருகியிருந்த ஒரு தாளை உருவி நீட்டினாள். அதன் பின்பக்கத்தில் அத்தனையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேதியும் போடச் சொன்னாள். போட்டார். அவள் நின்றபடியே மவுஸைப் பிடித்தாள். இரண்டு தட்டு. அவ்வளவுதான். சிவப்புக் கட்டம் போன இடம் தெரியவில்லை. நீல வானமும் இரண்டு மேகமும் வந்து நின்றன.

பூச்சிக்காரர் வாயைப் பிளந்தார். மூன்று மணி நேரம் அவர் போராடியதை மூன்று விநாடியில் முடித்துவிட்டாள். தன் பெண்டாட்டியா இது என்று பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையில் கையிலிருந்த தாளைத் திருப்பினார். முன்பக்கம் வரிசையாகத் தோள், மார்பு, இடுப்பு, உயரம். நாற்பது வரி.

"இது நர்ஸுங்க அளவாச்சே. கம்ப்யூட்டர்தான் திறக்கவே இல்லையே, எப்ப பிரிண்ட் எடுத்த?"

"நீங்க பென்டிரைவ் வாங்கப் போனப்ப. அந்தப் போலியைக் கழட்டிப் போட்டுட்டு, நல்லதா ஒண்ணு ஏத்தி, அப்புறம் எடுத்தேன்."

"அப்ப இவ்வளவு நேரம் திரையில நின்னது?"

டெய்லரம்மா தாளை வாங்கி, கையெழுத்து கலையாமல் மடித்து, மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அது அந்தக் கட்டத்தைப் படம் புடிச்சு நான் வால்பேப்பரா வெச்ச போட்டோங்க."