'ஏன் சார்' கேட்ட நீலச் சுழி

சென்னைப் பட்டணத்தில் வாயைத் திறந்து கேட்டு வேலை கற்றுக்கொண்ட ஒரே குமாஸ்தா எங்கள் 'ஏன் சார்'தான். மற்ற நாங்களெல்லாம் பக்கத்து மேஜையை ஓரக்கண்ணால் பார்த்தே பென்ஷன் வரை போய்ச் சேர்ந்தவர்கள்.

முப்பதுகளில் லஸ் முனையில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் நானும் அவனும் ஒரே நாளில் சேர்ந்தோம். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம். அவன் சாந்தோம்காரன். "ஏன் சார், தபாலு மத்தியானமே ரெடியா கீதே, சாயங்காலந்தான் அனுப்பணுமா?" என்று முதல் நாளே ஹெட் கிளார்க்கை மடக்கினான். மூன்றாம் நாள் அவன் சொந்தப் பெயர் ஆபீஸுக்கே மறந்துவிட்டது.

நான் அந்த ரகமில்லை. கேட்டால் முட்டாள் என்று தெரிந்துவிடுமே. அதனால் ஹெட் கிளார்க் தாமாகச் சொன்னதை வேதமாக எடுத்துக்கொண்டேன்.

"மானேஜர் நீலப் பென்சிலால சுழிச்சிருந்தா லெட்டர் பிடிக்கலைன்னு அர்த்தம். பேசாம திரும்ப எழுதி வை. கேட்டுண்டு நிக்கப்படாது."

எழுதினேன். சில கடிதங்களை நாலு தடவை எழுதினேன். மூன்றாம் மாதக் கடைசியில் மானேஜர் கூப்பிட்டார்.

"கை ரொம்ப மந்தம். சனிக்கிழமையோட நின்னுக்கலாம்."

வேலை நிரந்தரமாகிவிட்டது என்று வீட்டில் ஏற்கெனவே அளந்து வைத்திருந்தேன். அப்போது தபால் கட்டோடு உள்ளே வந்தான் 'ஏன் சார்'.

"ஏன் சார், இந்த நீலச் சுழி எதுக்கு? இத்தப் பாத்துட்டுத்தான் இவரு ஒவ்வொண்ணையும் நாலு தபா எழுதிக்கினு கீறாரு."

மானேஜர் அவன் நீட்டிய கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "இதுவா? பென்சில் சீவினா, முனை எழுதறதான்னு கிறுக்கிப் பார்ப்பேன்."

கதவுக்கு வெளியே ஹெட் கிளார்க் இருமினார். அவர் பதினோரு வருஷமாகத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தவர்.

என் வேலை தப்பியது. அவன் வேலையும் இன்னும் நிரந்தரமாகவில்லை என்பது வெளியே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"உனக்கு பயமா இல்லையாடா?" என்றேன்.

"இல்லாம இன்னா நைனா? ஆனா நீ கேக்க மாட்டேன்னு தெரியும்."

டிராம் வரும் வரை அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவனைப் போல ஒரு சிநேகிதன் எனக்கு அப்புறம் வாய்க்கவேயில்லை.