பதினோரு கையெழுத்தில் போன பெயர்

மரியாதைக்குரிய மூத்த சகலை அவர்களுக்கு,

சாவிக் கடையிலிருந்து இளைய சகலை எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் கொழுந்தியாளும் சுகம். அங்கே நீங்களும் வீட்டம்மாவும் சுகமாக இருப்பீர்கள். உங்களுக்கு என்ன குறை?

இந்தக் கடிதத்தை வாங்கியதும், "யாரை விட்டு எழுதச் சொன்னான்?" என்று கேட்பீர்கள். நானே எழுதினேன். அறுபத்தெட்டு வயதில், என் கையால் எழுதினேன். போனில் சொல்லியிருக்கலாம். எழுதத் தெரிந்தவன் எதற்காகப் பேச வேண்டும்? மருமகள் ஒன்றரை வருஷமாக, கடை மூடியதும் தினம் அரை மணி நேரம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். இப்போது மருந்து அட்டை, பற்பசைக் குழாய், பேருந்தின் முதுகு எல்லாம் படிக்கிறேன். சோப்பு உறையைப் படிக்க ஆரம்பித்தால் குளித்துவிட்டு வர ஒரு மணி நேரம் ஆகிறது என்று வீட்டில் புகார். நம் மாமனார் வீட்டுக்கு வந்த கடிதங்களை எல்லாம் நாற்பது வருஷம் நீங்கள்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசித்தீர்கள். நான் பக்கத்தில் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதனால் என் முதல் கடிதம் உங்களுக்குத்தான் வர வேண்டும் என்று வைத்திருந்தேன். எனக்குப் பொறாமை கிடையாது. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

விஷயம் இதுதான். போன வருஷம் உங்கள் கண்ணாடிக் கடைக்கு இணையத்தில் ஒரு பக்கம் இருப்பதை என் வீட்டுக்காரி போனில் காட்டினாள். "பாருங்க எங்க அத்தானை! கையைக் கட்டிக்கிட்டு எப்படி நிக்கிறாரு! உலகத்துல எந்த மூலையில தட்டினாலும் வர்றாராம்." நான், "கண்ணாடிக் கடையில நின்னா ஒரு ஆள் பத்து ஆளாத்தான் தெரிவான்"னு சொன்னேன். அவள் காதில் விழவில்லை. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பொறாமை இல்லை, வாயு.

சொல்லிவைத்த மாதிரி அடுத்த வாரமே இணைய இணைப்புக் கம்பெனிக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். கழுத்தில் அட்டை, கையில் தாள்கட்டு. "ஐயா, எங்ககிட்ட இணைப்பு எடுத்தா உங்க கடைக்கு ஒரு டொமைன் இலவசம்"னார். "அதை எங்க மாட்டணும்?"னு கேட்டேன். "மாட்ட வேண்டாம் ஐயா. அது இணையத்துல உங்க கடைக்குப் பெயர்ப்பலகை மாதிரி. நீங்க ஒரு பெயரை எடுத்துட்டா உலகத்துல வேற யாருக்கும் அது கிடைக்காது." "எங்க சகலைக்குக் கூடவா?" "அவருக்கும் கிடைக்காது ஐயா." அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன்.

அப்புறம் அவர் கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி: "கையெழுத்தா, கைநாட்டா?" சகலை, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. "கையெழுத்து!"ன்னு நான் சொன்னது எதிர் டீக்கடை வரைக்கும் கேட்டுதாம். மொத்தம் ஒன்பது பக்கம். பெரிய எழுத்தில் இருந்ததையெல்லாம் படித்தேன். 'இலவசம்' என்பதை எழுத்துக் கூட்டாமலே படித்தேன். கோடு போட்ட இடமெல்லாம் கையெழுத்துப் போட்டேன், பதினோரு இடம். "ஐயா, அது நான் போட வேண்டிய இடம்"னார். "இருக்கட்டும், அதுலயும் ஒண்ணு இருக்கட்டும்"னேன்.

ஊரெல்லாம் என்னைக் கூப்பிடுவது சாவி மாமா என்றுதானே? அந்தப் பெயரையே பதிந்து, என் படத்தோடு ஒரு பக்கமும் போட்டுக் கொடுத்தார்கள். கடைப் பலகையில் எழுதினேன். வெட்டிக் கொடுக்கிற ஒவ்வொரு சாவியோடும் ஒரு சின்ன அட்டையை வளையத்தில் கோர்த்து, அதில் அந்த இணையப் பெயரை அச்சடித்துக் கொடுத்தேன். ஒரு வருஷத்தில் ஆயிரம் அட்டைக்கு மேல். யார் சட்டைப் பையிலும் கைப்பையிலும் தேடினாலும் நான் இருப்பேன். உங்கள் கண்ணாடி சுவரில்தான் தொங்கும், நடமாடாது. இதை அப்போதே உங்களுக்கு எழுதியிருப்பேன். நீளமான வாக்கியம் அப்போது எனக்கு வரவில்லை.

இனிமேல்தான் கதை. வங்கி மேனேஜர் அம்மா ஒருநாள் கடைக்கு வந்து, "மாமா, உங்க பக்கத்துல பார்த்துதான் விரல் வெச்சாத் திறக்கிற பூட்டு வாங்கினேன், அருமையா இருக்கு, ரொம்ப நன்றி"ன்னு சொல்லிட்டுப் போறாங்க! எனக்குத் தலை சுத்திருச்சு. மருமகள் திறந்து காட்டினாள். என் பெயர், என் படம், அதுக்குக் கீழே என் படத்தைவிடப் பெருசா ஒரு விளம்பரம்: 'சாவியே வேண்டாம்! தூக்கி எறியுங்கள்!' கம்பெனிக்குப் போன் போட்டா, "இலவசப் பெயரோட வர்ற பக்கத்துல விளம்பரம் இருக்கும் ஐயா, நாலாம் பக்கத்துல போட்டிருக்கோமே"ன்னு ஒரு பொண்ணு சொல்லுது. அது போதாதுன்னு, பெயரைப் பதியும்போது கொடுத்த என் போன் நம்பரை ஊருக்கே தெரியும்படி விட்டுட்டாங்க. மறைச்சு வைக்கணும்னா அதுக்குத் தனியாப் பணமாம். காலையில சாவி வெட்ட உட்கார்ந்தா ஒருத்தர் கடன் வேணுமாங்கிறார், ஒருத்தர் உங்க பக்கத்தை அழகுபடுத்தித் தரட்டுமாங்கிறார். அவசரத்துல ஒரு டாக்டர் வீட்டு அலமாரிச் சாவியை டாக்டர் கார் சாவி மாதிரி வெட்டிட்டேன்.

இதையும் பொறுத்துக்கிட்டேன் சகலை. ஆனா அந்த இணைப்பு இருக்கே, நாலு துளி மழை விழுந்தா படுத்துரும். வெயில் அடிச்சாலும் யோசிச்சுதான் எழுந்திருக்கும். சரி, வேற கம்பெனிக்கு மாறிடலாம்னு போன் போட்டேன். அதே பொண்ணு. "தாராளமா மாறுங்க ஐயா."

"என் பெயரையும் எடுத்துக்கிட்டுப் போறேம்மா."

"பெயர் எங்ககிட்டயேதான் ஐயா இருக்கும்."

"அது என் பெயர்ம்மா. எங்க அம்மாவே கடைசிக் காலத்துல என்னை அப்படித்தான் கூப்பிட்டா."

"பெயர் உங்களுதுதான் ஐயா. பதிவு எங்க கம்பெனி பேர்ல. நீங்க ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அதுவும் ரெண்டு தடவை."

அப்புறம் இன்னொன்றும் சொன்னது. இலவசம் முதல் வருஷத்துக்கு மட்டும். இந்த வருஷத்துக்குக் கேட்கிற பணம், வெளியில் நேராக வாங்கினால் ஆவதைப் போல நாலு மடங்கு. முப்பது நாளில் கட்டாவிட்டால் பெயரை விட்டுவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒன்பதாம் பக்கத்தைப் படித்தேன், இரண்டு நாள் ஆனது. அந்தப் பெண் சொன்னது அத்தனையும் பொடி எழுத்தில் அங்கே இருக்கிறது. அதற்குக் கீழே என் கையெழுத்து, முத்து முத்தாக. கைநாட்டு வைத்த காலத்தில் என் கட்டைவிரலையாவது யாரும் கொண்டுபோகவில்லை.

முப்பதில் இருபத்தொரு நாள் போய்விட்டது. நினைத்துப் பாருங்கள் சகலை, ஆயிரம் பேர் பையில் என் அட்டை இருக்கிறது. நாளைக்கு அந்தப் பெயரைத் தட்டினால் எவனோ ஒருத்தன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான். அவன்தான் சாவி மாமா. நான் வெறும் மாமா.

உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்று மருமகளை விட்டுப் பார்க்கச் சொன்னேன். நீங்களே பணம் கட்டி, உங்கள் பேரிலேயே பதிந்து, ஆறு வருஷமாக எந்தத் தொந்தரவும் இல்லாமல் வைத்திருக்கிறீர்களாம். விளம்பரம் கூடக் கிடையாதாம். "அத்தான் எதையும் படிச்சுப் பார்த்துத்தான் செய்வாரு"ன்னு வீட்டுக்காரி பாத்திரம் கழுவிக்கிட்டே சொல்றா. எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரியுது. மேலே பொறாமை கிடையாது என்று எழுதியதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அந்த வரி மட்டும் கோணாமல் நேராக வந்திருக்கிறது. அடிக்க மனசு வரவில்லை.

நான் பட்டதை நீங்கள் படக்கூடாது. அதற்காகத்தான் இத்தனை பக்கம். சொந்தப் பெயர் வைத்திருப்பவர்களிடமும் இவர்கள் இப்போது போகிறார்களாம். "உங்க பெயரையும் எங்ககிட்ட மாத்திக் கொடுங்க, இலவசமா பார்த்துக்கறோம்" என்பார்களாம். கொடுத்துவிடாதீர்கள். பொடி எழுத்தைப் படியுங்கள். யார் பேரில் பதிவு என்று கேளுங்கள். இரண்டாம் வருஷம் எவ்வளவு, விலகினால் பெயர் யாருக்கு என்று கேளுங்கள். பதில் வருவதற்குள் பேனா மூடியைத் திறக்காதீர்கள்.

வீட்டம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் கண்ணாடிகளில் ஒன்றும் உடையாமல், உங்கள் முழங்கால் வலி சீக்கிரம் குறைந்து, நீங்கள் நூறு வயது இருக்க வேண்டும். நான் நூற்றொன்று இருந்தால் போதும்.

இப்படிக்கு,
தன் கையால் எழுதிய,
இளைய சகலை

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டும் நேரத்தில் கம்பெனிக்காரர் கடைக்கு வந்துவிட்டார். சொந்தப் பெயர் வைத்திருக்கும் ஒருவரைச் சேர்த்துவிட்டால், அவர் தன் பெயரையும் அவர்களிடம் மாற்றிக்கொண்டால், சாவி மாமா என்ற பெயரை இன்னும் இரண்டு வருஷம் எனக்கே விட்டுவைப்பார்களாம். பணமும் வேண்டாமாம். எனக்குத் தெரிந்து அப்படி இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். விலாசம் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வருவார். தங்கமான மனுஷன், உட்காரவைத்துப் பேசுங்கள். மேலே எழுதியதையெல்லாம் அவர் போன பிறகு படித்தால் போதும்.