தீமிதிக்கு வந்த சூட்டுத் துவக்கு

மஸ்கெலியாப் பக்கத்தில் டிகிரி ஐயாவின் குறிக்குத் தப்பிய மனிதரோ, மாடோ, சோற்றுப்பானையோ கிடையாது.

அவர் எங்கள் தோட்டத்துத் தொழிற்சாலையில் தேயிலைப் பதம் பார்க்கும் டீமேக்கர். நான் ஆபீஸ் கிளாக்கர். எண்பதுகளில், தேயிலை உலர்த்தும் அடுப்பின் சூட்டை எட்ட நின்றே அளக்க ஒரு கருவியைத் தோட்டத்தை நடத்தும் துரை வரவழைத்தார். பார்வைக்குத் துவக்கு, கைத்துப்பாக்கியேதான். குறிபார்த்து விசையை அழுத்தினால் சிவப்பு எழுத்தில் டிகிரி தெரியும்.

"இது பரீட்சைக்குத்தான் வந்திருக்கு. பிழையா காட்டினா கொழும்புக்கே திருப்பி அனுப்பிருவேன்" என்றார் துரை.

அன்றிலிருந்து அது டிகிரி ஐயாவின் இடுப்பை விட்டு இறங்கவில்லை. கல்யாண வீட்டில் சாம்பாரைக் குறிவைத்து, "இன்னும் ஆறணும், பந்திய நிப்பாட்டுங்க!" என்றார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் காய்ச்சல் என்று வந்த பெண்ணின் நெற்றிக்கு நேரே நீட்ட, அவள் சொன்னாள்: "சுட்டதுதான் சுட்டீங்க, அப்படியே லீவையும் வாங்கிக் குடுத்துருங்க." வீட்டில் ரொட்டிக்கல்லைக் குறிவைத்தபோது அவர் மனைவி அகப்பையைத் தூக்கினார். "என் கோவம் எத்தன டிகிரின்னும் பாத்துருங்க!"

பிறகு மாரியம்மன் கோயில் தீமிதி வந்தது. பிரசவத்தில் மனைவி பிழைக்க வேண்டி நேர்ந்துகொண்ட முனியாண்டி, மஞ்சள் வேட்டியுடன் குழியின் விளிம்பில் நின்றான். டிகிரி ஐயா தணலைக் குறிபார்த்து முழங்கினார்: "முந்நூத்தித் தொண்ணூறு!"

மேளம் நின்றது. முனியாண்டியின் கால் பின்வாங்கியது.

"அது ரொம்பங்களா ஐயா?"

"தண்ணி நூறுலயே கொதிச்சிரும்டா!"

பூசாரி பல்லைக் கடித்தார். "வாய மூடுங்க ஐயா! இப்பத் திரும்பினா அவன் பொண்டாட்டி மூஞ்சியில எப்படி முழிப்பான்?"

எதிர்க்கரையில் அவன் மனைவி கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். டிகிரி ஐயா அவளைப் பார்த்தார். முன்வரிசை நாற்காலியில் இருந்த துரையையும் பார்த்தார். பிறகு கருவியின் மண்டையில் படாரென்று ஒரு தட்டு.

"துரை, இது பிழையா காட்டுதுங்க! உருப்படாத சாமான். டேய் முனியாண்டி, இத நம்பாத. தைரியமாப் போடா!"

மேளம் அதிர்ந்தது. முனியாண்டி ஒரே ஓட்டமாகக் கடந்து பால் குழியில் போய் நின்றான். பக்கத்தில் இருந்த நான் கருவியை எட்டிப் பார்த்தேன். முந்நூற்றுத் தொண்ணூறுதான்.

அடுத்த வாரம் கருவி பெட்டியில் ஏறிக் கொழும்புக்குப் போனது. லொறி வளைவில் மறையும்வரை டிகிரி ஐயா பார்த்துக்கொண்டே நின்றார்.

அன்று தேநீர் குடிக்கும்போது, "அது சரியாத்தானே ஐயா காட்டுச்சு?" என்று கேட்டேன்.

அவர் என் கோப்பையை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தார்.

"ஆறப்போகுது, குடிங்க."

சரியான சூடாகத்தான் இருந்தது.